விரிவுரைக் கதிரையும் ஆலோசனை ஒப்பந்தமும்: ஆபிரிக்கச் சமூக விஞ்ஞானிகளின் தொழில்வாழ்விலிருந்து ஒரு யாழ்ப்பாண வழிகாட்டி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சமூகவியலையோ பொருளியலையோ புவியியலையோ சிறப்புப் பாடமாகப் படித்து வெளியேறும் ஒருவர், தற்காலிக உதவி விரிவுரையாளராகத் திருநெல்வேலி வளாகத்திலேயே தங்கினாலும், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு தொண்டு நிறுவனத்தின் கள அலுவலராகச் சேர்ந்தாலும், சில ஆண்டுகளுக்குள் அவரைத் தேடி ஆலோசனைப் பணி ஒன்று வந்தே தீரும். கருத்திட்டம் ஒன்று முடியும் தறுவாயில் இருக்கும். அதற்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதக்கூடிய ஒருவர் உடனே வேண்டும். கொடுப்பனவோ ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். அந்தப் பணியை எந்த நிபந்தனைகளோடு ஏற்பது, எப்போது மறுப்பது, அதன் நடுவே ஆய்வாளராக எவ்வாறு நிலைப்பது என்பனவற்றை நமது பாடத்திட்டங்கள் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. அவற்றைச் சொல்லவே இந்த வழிகாட்டி. இதற்கான உதாரணங்களை ஆபிரிக்கச் சமூக விஞ்ஞானிகளின் தொழில்வாழ்விலிருந்து எடுத்திருக்கிறேன்.

ஆபிரிக்காவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1980களில் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் விதித்த கட்டமைப்புச் சீராக்கத் திட்டங்களின் கீழ் நாணயங்கள் மதிப்பிழந்தபோது, கம்பாலாவிலும் டார் எஸ் சலாமிலும் இபாதானிலும் விரிவுரையாளர் சம்பளம் குடும்பத்தைக் கொண்டுநடத்தப் போதாததாயிற்று. பலர் வெளிநாடு சென்றனர். தங்கியவர்களுள் பலர் கொடையாளர் நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதி வாழ்ந்தனர். நமக்கு 2002 போர்நிறுத்தமும் 2004 சுனாமியும் 2009க்குப் பின்னரான மீள்குடியேற்றமும் அதே சந்தையைத் திறந்துவிட்டன. 2022இல் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேலே போனபோது, அந்தச் சந்தையை நாடவேண்டிய தேவையும் கூடிற்று. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆபிரிக்க அறிஞர்கள் இந்த நெருக்கடியைத் தேநீர்ச்சாலைப் பேச்சாக விட்டுவிடாமல், எழுதி, மாநாடு கூட்டி, தம்முள் சண்டையும் பிடித்துக்கொண்டார்கள். அறிவுச் சுதந்திரமும் அறிஞரின் சமூகப் பொறுப்பும் பற்றிய கம்பாலாப் பிரகடனம் 1990இல் வந்தது. இத்தகைய எழுத்துத் தடயம் நம்மிடம் குறைவு.

எவரை வாசிப்பது, எவ்வாறு வாசிப்பது

ஒருவரின் தொழில்வாழ்வை வாசிக்கும்போது அவர் வகித்த பதவிகளின் பட்டியலில் கண்ணை வைத்தால் ஒன்றும் கிடையாது. மூன்று விடயங்களைத் தேடுங்கள்: முப்பது ஆண்டுகளாக அவர் விடாது பற்றிநின்ற கேள்வி எது, அந்தக் கேள்விக்குச் சோறு போட்டவர் யார், எந்த இடத்தில் அவர் எழுந்து வெளியேறினார்.

நைஜீரிய அரசறிவியலாளர் குளோட் அகே இதற்கு மிகச் சிறந்த பாடம். 1939இல் ரிவர்ஸ் மாநிலத்தின் ஒமொக்குவில் பிறந்த அவர், 1966இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கும் கனடாவின் கார்ள்டனிலும் நைரோபியிலும் டார் எஸ் சலாமிலும் கற்பித்துவிட்டுத் தம் ஊர்ப் பக்கமே திரும்பி, போர்ட் ஹார்கோர்ட் பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞான பீடத்தைக் கட்டியெழுப்பினார். மேற்கிலிருந்து வரும் அபிவிருத்திக் கோட்பாடுகள் யாருடைய நலனைச் சுமந்து வருகின்றன என்பதே 1970களிலிருந்து அவர் கேட்ட கேள்வி. 1991இல் அதே நகரில் உயர் சமூக விஞ்ஞான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இதுவரை இது ஒரு மதிப்புக்குரிய பேராசிரியரின் வழமையான வாழ்க்கையே. ஆலோசனைப் பணி பற்றிய பாடம் இதற்குப் பின்னர்தான் வருகிறது.

நைஜர் கழிமுகப் பகுதியில் எண்ணெய் அகழ்வினால் நேர்ந்த பாதிப்பை அளவிடுவதற்கென 1995இல் ஷெல் நிறுவனத்தின் நிதியோடு ஒரு சுற்றாடல் ஆய்வு தொடங்கியபோது, அதன் வழிநடத்தற் குழுவில் அகே இடம்பெற்றார். எண்ணெய் நிறுவனங்களைக் கடுமையாக விமர்சித்து வந்தவர் அதே நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் ஆய்வில் ஏன் அமர்ந்தார் என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே இருந்தால் மக்களின் குரல் ஆய்வின் வடிவத்திலேயே இடம்பெறும் என்பது அத்தகைய பதவிகளை ஏற்பவர்களின் நியாயமான கணக்கு. அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி, அந்த எண்ணெய் அகழ்வின் பாதிப்புக்கு எதிராக ஒகோனி மக்களுக்காகப் போராடிய எழுத்தாளர் கென் சரோ-விவாவும் மேலும் எட்டுப் பேரும் இராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டபோது, அகே குழுவிலிருந்து விலகினார். ஓராண்டு கழித்து, 1996 நவம்பர் 7ஆம் திகதி, போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து லாகோஸ் சென்ற விமானம் விழுந்ததில் அவர் இறந்துபோனார். இங்கே கவனிக்கவேண்டியது விலகலின் வீரத்தை விட அது சாத்தியமான விதத்தை. அவருக்கென்று ஒரு நிலையம் இருந்தது, எழுதிய நூல்கள் இருந்தன, அந்தக் குழுவின் கொடுப்பனவில் தங்காத ஒரு வாழ்க்கை இருந்தது. ஒப்பந்தம் ஒன்றையே நம்பி வாழ்பவருக்கு விலகல் என்பது வெறும் சொல்.

மலாவியைச் சேர்ந்த பொருளியலாளர் தாண்டிகா ம்கண்டாவிரே வேறொரு வழியைக் காட்டுகிறார். பத்திரிகையாளராகத் தொடங்கி, மலாவியின் அன்றைய ஆட்சியாளர் பண்டாவினால் நாடு திரும்ப முடியாமற்போய், சுவீடனில் அடைக்கலம் பெற்றவர் அவர். 1973இல் செனகலின் டக்காரில் நிறுவப்பட்டு, எகிப்தியப் பொருளியலாளர் சமீர் அமீனை முதற் செயலாளராகக் கொண்டிருந்த கொடெஸ்ரியா என்ற ஆபிரிக்கச் சமூக விஞ்ஞான ஆய்வுப் பேரவைக்கு 1985 முதல் 1996 வரையும், ஜெனீவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் சமூக அபிவிருத்தி ஆய்வு நிறுவனத்துக்கு 1998 முதல் 2009 வரையும் தலைமை வகித்தார். நிர்வாகப் பதவிகளில் இத்தனை ஆண்டுகள் இருந்த ஒருவர் எழுதுவதை நிறுத்திவிடுவதே நாம் காணும் வழக்கம். அவரோ, ஆபிரிக்காவில் வளர்ச்சியை முன்னெடுக்கும் அரசு சாத்தியமே இல்லை என்ற வாதத்தை மறுத்து 2001இல் எழுதிய கட்டுரையைப் போன்றவற்றை அந்தப் பதவிகளில் இருந்துகொண்டே எழுதினார். பிறரின் ஆய்வுகளுக்கு நிதி தேடும் வேலையையே தன் கேள்விக்கான தரவு சேரும் வேலையாக மாற்றிக்கொண்டதுதான் அவருடைய உத்தி.

சிம்பாப்வேயின் சாம் மோயோ காணி என்ற ஒரே விடயத்தை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 2000இல் அங்கே வெள்ளையரின் பெரும் பண்ணைகளை எடுத்துப் பங்கிடும் விரைவுக் காணிச் சீர்திருத்தம் தொடங்கி உலகமே இரண்டாகப் பிரிந்து கத்தியபோது, அவரும் அவருடைய ஹராரே ஆய்வு நிறுவனமும் ஆறு மாவட்டங்களில் குடும்பம் குடும்பமாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அரசுக்கும் நிறுவனங்களுக்கும் அவர் ஆலோசனை சொன்னதுண்டு. ஆனால் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்கள் அவருடைய துறைக்குள் வந்தார்கள், அவர் அவர்களுடைய துறைகளுக்குள் அலையவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் வாசித்தே ஆகவேண்டும். உகண்டா அறிஞர் மஹ்மூத் மம்தானி 2010இல் கம்பாலாவிலுள்ள மகெரேரே சமூக ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது, 1948இல் தொடங்கிய அந்தப் பழம்பெரும் நிறுவனம் அறிக்கை தயாரிக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆலோசனைப் பணியில் கேள்வியை வாடிக்கையாளர் வகுக்கிறார், ஆலோசகர் விடையை மட்டும் தேடுகிறார். ஆய்வு என்பதோ கேள்வியை வகுக்கும் வேலை என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதற்கு மாற்றாக, பாடநெறிகளோடு கூடிய ஐந்தாண்டுக் கலாநிதிக் கற்கையை அங்கே தொடக்கினார். அந்த மாற்றம் சமாதானமாக நடந்துவிடவில்லை. ஆய்வாளர்கள் அந்தக் கற்கையில் கற்பிக்கவேண்டுமா என்ற தகராறு 2016இல் பகிரங்கச் சண்டையாக வெடித்தது. மம்தானியின் வாதத்தை நான் முக்கால் பங்கு ஏற்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகிக்கும் ஒருவருக்கு ஆலோசனைப் பணியை நிராகரிப்பது எளிது என்பதே எஞ்சிய கால் பங்கு.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

எந்த ஒப்பந்தமும் வருவதற்கு முன்னர், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நீங்கள் சுமக்கக்கூடிய ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில், தமிழில், எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் கேள்விக்குப் பஞ்சமில்லை. உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட மயிலிட்டி போன்ற இடங்களில், இருபத்தைந்து ஆண்டுகள் கடலிலிருந்து விலகியிருந்த தலைமுறை தொழிலுக்குத் திரும்புகிறதா? புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் வலிகாமத்துக் காணி விலையை என்ன செய்கிறது? வன்னியில் நுண்கடன் எடுத்த பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனை எடுக்கும் சங்கிலி எங்கே தொடங்குகிறது? சுண்ணக்கல்லுக்குக் கீழுள்ள ஒரே நிலத்தடி நீரை வெங்காயச் செய்கையும் குடிநீரும் மலசலகூடக் குழிகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஊரில், கிணற்றை நிர்வகிப்பவர் யார்?

கேள்வியை எழுதியபின், வரும் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் அந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்குள் ஒரு மூலையையாவது வெளிச்சமாக்கும் பணியை, கொடுப்பனவு சற்றுக் குறைவாக இருந்தாலும், எடுக்கலாம். எவ்விதத் தொடர்பும் இல்லாத பணியைப் பணத்துக்காக எடுப்பதும் பாவமல்ல. வீட்டில் தேவை இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படி எடுத்தவை ஆண்டில் ஒன்றிரண்டைத் தாண்டினால், ஐந்தாண்டு முடிவில் சுகாதாரம், கழிவகற்றல், தொழிற்பயிற்சி, முன்பள்ளி என்று பதினைந்து அறிக்கைகளும் ஒரு கட்டுரைக்கான பொருள்கூட இல்லாத நிலையும் ஏற்படும்.

கலாநிதிப் பட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பதவியுயர்வுக்கு மதிப்பாய்வுக்குட்பட்ட ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கிடைக்கும் இடம், வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுத்த அறிக்கைக்குக் கிடைப்பதில்லை. நிரந்தர நியமனம் பெற்றவர், வெளிப்பணியை ஏற்கமுன் துறைத்தலைவர், பீடாதிபதி ஊடாகப் பல்கலைக்கழகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெற்றுக்கொள்வது பிற்காலத் தலையிடிகள் பலவற்றைத் தவிர்க்கும். நீண்ட ஆலோசனைப் பணிகளுக்கு ஓய்வாண்டு விடுமுறையைப் பயன்படுத்தும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது வீண்செலவு. அந்த விடுமுறையை நூல் எழுதுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி.ஓ.ஆரை வாசித்தல்

பணி வரையறைப் பத்திரத்தை எல்லோரும் டி.ஓ.ஆர். என்றே சொல்கிறோம். பலரும் அதில் முதலில் தேடுவது தொகையையும் கடைசித் திகதியையும். நீங்கள் முதலில் தேடவேண்டியது, இந்த ஆய்வின் முடிவை வைத்து யார் என்ன தீர்மானம் எடுக்கப்போகிறார் என்ற விபரம். அது பத்திரத்தில் எங்கும் இல்லையென்றால், அறிக்கை ஏற்கெனவே எடுக்கப்பட்ட தீர்மானத்துக்கு மாலை போடுவதற்காகக் கேட்கப்படுகிறது என்று கொள்ளலாம். தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். நேர்மையான கருத்திட்ட முகாமையாளர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

அடுத்தது நாட்கணக்கு. ஒரு கருத்திட்டத்தின் இறுதி மதிப்பீட்டுக்கு, மூன்று பிரதேச செயலாளர் பிரிவுகளில் பத்துக் குழுக் கலந்துரையாடல்கள் நடத்தவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம் என்றால் பதினைந்து மணித்தியால ஒலிப்பதிவு கையில் இருக்கும். ஒரு மணித்தியாலப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணித்தியாலம் செல்லும். பலர் ஒரேநேரத்தில் பேசும் கலந்துரையாடலுக்கு ஆறும் போதாது. ஆகவே எழுத்தாக்கத்துக்கு மட்டும் 60 முதல் 90 மணித்தியாலம், அதாவது ஏழரை முதல் பதினொரு வேலைநாள் வேண்டும். இருபது நாள் ஒப்பந்தங்களில் இந்த வரி இருப்பதேயில்லை. விலைமனுவில் அதைத் தனி வரியாக எழுதுங்கள். வெட்டச் சொன்னால், கலந்துரையாடல்களின் எண்ணிக்கையையும் சேர்த்து வெட்டுங்கள். உங்கள் இரவுத் தூக்கத்திலிருந்து அதை ஈடுசெய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாதிரி அளவு பற்றியும் ஒரு சொல். 384 என்ற எண் எல்லா முன்மொழிவுகளிலும் மந்திரம்போல் வருகிறது. 95 சதவீத நம்பிக்கை மட்டத்திலும் 5 சதவீத வழு எல்லையிலும், எளிய எழுமாற்று மாதிரி எடுக்கும்போது வரும் எண் அது. நாம் நடைமுறையில் சில கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிந்து, அவற்றுக்குள்ளே வீடுகளைத் தெரிகிறோம். ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், மாதிரி எத்தனை மடங்காகவேண்டும் என்பதைக் காட்டும் வடிவமைப்பு விளைவு 2 என்று கொண்டால் அதே துல்லியத்துக்கு 768 வீடுகள் வேண்டும். அவ்வளவு பணம் இல்லையென்றால் துல்லியம் குறைவு என்பதை முறையியல் பகுதியில் எழுதிவிடுவது போதுமானது. மதிப்பீட்டுப் பணிகளில் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பின் ஆறு அளவுகோல்களும் அநேகமாக வரும். ஆறாவதான இசைவுத்தன்மை, அதாவது ஏனைய திட்டங்களோடு பொருந்திப்போதல், 2019இல்தான் சேர்க்கப்பட்டது. ஐந்து அளவுகோல்களை மட்டும் கொண்ட பழைய டி.ஓ.ஆர். ஒன்றைப் பிரதிபண்ணி அனுப்பியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டுவது உங்கள் மதிப்பை உயர்த்தும்.

ஒப்பந்தத்தில் நான்கு விடயங்களைக் கையொப்பத்துக்கு முன்னர் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர்கள் நீக்கப்பட்ட தரவைக் கல்விசார் நோக்கத்துக்குப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கவேண்டும். பல நிறுவனங்கள் கேட்டால் ஒரு காத்திருப்புக் காலத்தோடு சம்மதிக்கும், கேட்காவிட்டால் தரவு முழுவதும் அவர்களுடையது என்ற வாசகமே நிற்கும். நிறுவனம் தரவுப் பிழைகளைத் திருத்தச் சொல்லலாம், முடிவுகளை மாற்றச் சொல்லமுடியாது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். உங்கள் இணக்கமின்றி மாற்றினால் உங்கள் பெயரை அறிக்கையிலிருந்து நீக்கும் உரிமையும், செய்துமுடித்த வேலைக்கான கொடுப்பனவோடு விலகும் உரிமையும் இருக்கவேண்டும். அகேயின் கதையை நீட்டிச் சொன்னது இதற்காகத்தான். நான்காவது, கொடுப்பனவின் பெரும்பகுதி இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே தரப்படும் என்று இருந்தால், ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கால எல்லையைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், திருத்தங்கள் என்ற பெயரில் மாதக்கணக்காக இழுபடும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: 2023 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட சேவைக் கட்டணத்தில் 5 சதவீதம் நிறுத்திவைப்பு வரியாகக் கழிக்கப்படும். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

களம்

யாழ்ப்பாண மாவட்டத்திலும் வன்னியிலும் 2009இலிருந்து வினாக்கொத்தோடு போகாத நிறுவனமில்லை. "எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போயிட்டினம் தம்பி, ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்று வாசலிலேயே சொல்வார்கள். அது முற்றிலும் நியாயமான பேச்சு. ஆகவே தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் ஏற்கெனவே இருக்கும் தரவை மறுபடியும் மக்களிடம் கேட்டு அவர்களைக் களைப்பாக்காதீர்கள். பொது அதிகார சபைகளிடமுள்ள பழைய அறிக்கைகளைப் பெற, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வினாக்கொத்தைப் பாதியாகக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) அறிவித்து, அந்தந்த ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ நேரில் கண்டு பேசிய பின்னரே வீடுகளுக்குப் போகவேண்டும். ஆனால் வீடுகளின் பட்டியலை இவர்களில் எவரிடமும் தெரிவுசெய்யக் கொடுத்துவிடாதீர்கள். கருத்திட்ட அலுவலர் தரும் பயனாளிகள் பட்டியலில் உதவி பெற்றவர்கள் இருப்பார்கள். உதவி கேட்டுக் கிடைக்காதவர்களோ, ஒதுக்கப்பட்ட குறிச்சிகளில் வாழ்பவர்களோ இருக்கமாட்டார்கள். சாதியைப் பற்றி நேரடியாகக் கேட்க எவரும் விரும்புவதில்லை, டி.ஓ.ஆரும் கேட்பதில்லை, இருந்தாலும் எந்தக் கோயிலடி, எந்தக் கிணறு, எந்தச் சுடலை என்று ஊரின் வரைபடத்தைப் போட்டுப் பார்க்காமல் ஒரு பங்கீட்டை மதிப்பிட்டேன் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

விசாரணைகளும் பதிவுகளும் பயமும் நிறைந்த காலத்தைக் கடந்த மக்கள் இவர்கள். காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்திடம், காணி திரும்பக் கிடைக்காதவரிடம், முன்னாள் போராளியிடம் பேசும்போது பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தரவுத்தாளில் இருக்கவே கூடாது. குறியீட்டு இலக்கமும் பெயரும் கொண்ட தாளைத் தனியாக வைத்து, தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். நிறுவனம் பெயர்ப்பட்டியலைக் கேட்டால், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதை நினைவூட்டலாம். இந்த ஆய்வினால் வீடு வரும், கடன் தள்ளுபடியாகும் என்ற எண்ணம் எவருக்கும் ஏற்பட விடக்கூடாது. உங்கள் தரவு சேகரிப்பாளர்கள் இரக்கத்தினால் அப்படிச் சொல்லிவிடக்கூடும் என்பதால், பயிற்சியின்போதே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அந்தத் தரவு சேகரிப்பாளர்களைப் பற்றி ஆபிரிக்காவிலிருந்து இன்னோர் உதாரணம். தென்னாபிரிக்க மானிடவியலாளர் ஆர்ச்சி மாஃபேஜே மாணவராக இருந்தபோது, கேப் டவுனின் லங்கா குடியிருப்பில் கள ஆய்வு செய்தார். பேராசிரியை மோனிக்கா வில்சன் அந்த ஆய்வை 1963இல் நூலாக்கியபோது, மாஃபேஜேயின் பெயரையும் இணையாசிரியராக அட்டையில் இட்டார். அதே மாஃபேஜேக்கு 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் வழங்கிய விரிவுரையாளர் பதவி அரசின் அழுத்தத்தால் மீளப்பெறப்பட்டதும், மாணவர்கள் நிர்வாகக் கட்டிடத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியதும், அவர் தம் வாழ்வின் பெரும்பகுதியை நெதர்லாந்திலும் தன்சானியாவிலும் எகிப்திலும் கழித்ததும், 2007இல் அவர் இறந்தபின் 2008இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டதும் தனிக்கதை. நமது பக்கத்தில், வெயிலில் திரிந்து நூறு வீடு கண்ட இளைஞரின் பெயர் நன்றியுரையில்கூட வராத அறிக்கைகள் ஏராளம். பெயரைப் போடுங்கள், பகுப்பாய்விலும் பங்கெடுத்திருந்தால் இணையாசிரியராகப் போடுங்கள், அவர்களின் நாட்கூலியை உங்கள் இறுதிக் கொடுப்பனவு வரும்வரை தாமதிக்காமல் கொடுங்கள்.

மறுக்கவேண்டிய பணிகள்

உங்கள் சொந்த உறவினரோ மேலதிகாரியோ பொறுப்பாக இருக்கும் திட்டத்தை மதிப்பிடும் பணி, கள ஆய்வே இல்லாமல் அறிக்கை கேட்கும் பணி, பிறர் எழுதிய அறிக்கைக்கு உள்ளூர்ப் பெயர் தேவை என்பதற்காக உங்கள் பெயரைக் கேட்கும் பணி ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. கடினமானவை நிபுணர் குழுக்கள். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015 காலத்தில் எழுந்த சர்ச்சையில், நிபுணர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று மோதியதையும் எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் மக்கள் நின்றதையும் யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை. அப்படியொரு குழுவில் அமர அழைப்பு வந்தால், மாதிரிகளை யார் எங்கே எடுப்பார், மூலத்தரவு பகிரங்கமாகுமா, மாறுபட்ட கருத்தை அறிக்கையிலேயே தனிக் குறிப்பாகச் சேர்க்கலாமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதற்கு மறுப்பு வந்தால் அமராதீர்கள். அமர்ந்தபின் விலக நேர்ந்தால், காரணத்தை ஒரு பக்கத்தில் திகதியோடு எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள்; வெளியே வந்தபின் வாய்மொழியாகச் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அறிக்கை கொடுத்த பிறகு

இறுதி வரைவை அனுப்பிய கையோடு, நினைவு சூடாக இருக்கும்போதே, அறிக்கையில் இடம்பெறாத அவதானங்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். வாடிக்கையாளரின் கேள்விக்குப் பொருந்தாமல் நீங்கள் வெட்டிய பகுதிகளில்தான் உங்கள் கேள்விக்கான பொருள் கிடக்கும். காத்திருப்புக் காலம் முடிவதற்குள் ஆய்விதழ்க் கட்டுரைக்கான வரைவு தயாராக இருக்கவேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டிய தரவுக்குள் மீண்டும் நுழைவது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கொடெஸ்ரியாவின் ஆய்விதழ்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; இலண்டனையும் நியூயோர்க்கையும் மட்டும் மேற்கோள் காட்டாமல், அங்கே வந்த நுண்கடன், காணி, பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரைகளோடு உங்கள் முடிவுகளை ஒப்பிடுவது புதிய வாசகர்களையும் கொண்டுவரும்.

சிலருக்கு, மோயோவைப் போலவும் அகேயைப் போலவும், சொந்த ஆய்வு நிலையம் அமைக்கும் ஆசை வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக அதைப் பதிவுசெய்யலாம். பதிவு எளிது, ஒப்பந்தம் இல்லாத மாதத்தில் வாடகையும் இரண்டு பேரின் சம்பளமும்தான் கஷ்டம். ஓராண்டுச் செலவு கையில் சேரும்வரை பல்கலைக்கழக மேசையிலேயே இருந்துகொள்ளலாம் என்பது என் ஆலோசனை.

கடைசியாக, அறிக்கையின் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம். டி.ஓ.ஆரில் அது இல்லாவிட்டாலும் விலைமனுவில் நீங்களே ஒரு நாள் வேலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்திட்டத்தின் பெயர்களையும் சுருக்கெழுத்துகளையும் நீக்கி, ஊரவர் சொன்னவற்றில் எது பதிவானது, எது பதிவாகவில்லை, நிறுவனம் என்ன செய்யப்போவதாகச் சொல்கிறது என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் ஒன்றை விதானையாருக்கும் கொடுத்துவிட்டு, சங்கக் கட்டிடத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். கூட்டத்தின் நேரத்தைச் சங்கத் தலைவரே தீர்மானிக்கட்டும். படகுகள் கரைக்கு வந்து மீன் விற்று முடியும் வேளை அவருக்குத்தான் தெரியும்.